ஸ்ப்ரே எடுப்பதற்கு முன்: நாம் கவனிக்காத நான்கு வீட்டுப் பூச்சிகள்



வீட்டுப் பூச்சிகளைப் பற்றி எழுதச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் கரப்பான், கொசு, எறும்பு, கரையான் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பெயர் தெரியாமலே நம்மோடு குடியிருக்கும் வேறு நான்கைப் பற்றி இங்கே பார்ப்போம்.

சென்ற ஆண்டு என் படிவம் நான்கு மாணவி ஒருத்தி, கழுத்தில் தீக்காயம் போன்ற சிவந்த கோட்டோடு வகுப்புக்கு வந்தாள். “எறும்பு கடிச்சிருச்சு டீச்சர், நசுக்கிட்டேன்” என்றாள். வீட்டில் அக்கி என்று நினைத்து இரண்டு நாள் ஏதேதோ பூசியிருக்கிறார்கள். கிளினிக்கில்தான் உண்மை தெரிந்தது. வந்தது எறும்பும் இல்லை. அது கடிக்கவும் இல்லை.

1. செமுட் காயாப்

மலாயில் ‘செமுட்’ என்றால் எறும்பு. ‘காயாப்’ என்றால் அக்கி. பெயரே நம்மை இரண்டு முறை ஏமாற்றுகிறது. இது ஒரு வண்டு. இதனால் வரும் புண்ணும் அக்கி அன்று. சிலர் இதைச் ‘சார்லி’ என்றும் சொல்வார்கள்.

நீளம் 7 முதல் 8 மில்லிமீட்டர். தலை கறுப்பு, நடுவில் ஆரஞ்சு, முதுகில் நீலம் கலந்த குட்டைச் சிறகுறை, வால்நுனி மீண்டும் கறுப்பு. இது கடிக்காது, கொட்டாது. ஆனால் உடலுக்குள் ‘பெடரின்’ என்னும் நஞ்சு இருக்கிறது. நசுக்கினால் அது தோலில் படும். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் எரிச்சலும் கொப்புளமும் தோன்றும்.

வயல்களில் வாழும் இந்த வண்டு, அறுவடைக்குப் பின் விளக்கொளியைத் தேடி வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் பறந்து வரும். மேலே ஊர்ந்தால் தட்டாதீர்கள். ஊதிவிடுங்கள், அல்லது தாளால் எடுத்துப் போடுங்கள். பட்ட இடத்தை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணருகே பட்டாலோ, கொப்புளம் பெரிதானாலோ மருத்துவரைப் பாருங்கள். இரவில் சன்னலுக்கு வலை போடுவதும், தேவையில்லாத விளக்குகளை அணைப்பதும், விளக்கின் நேர் கீழே படுக்காமலிருப்பதும் நல்ல தடுப்பு.

2. கூடு சுமக்கும் புழு

சுவரில் பூசணி விதை மாதிரி, சிமெண்டு நிறத்தில் ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூசி என்று நினைத்துத் துடைக்கப் போனால் மெல்ல நகரும்! ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு அது. மணல், தூசி, நூல் துணுக்கு ஆகியவற்றைப் பட்டிழையால் பின்னிக் கூடு செய்து, அதைச் சுமந்துகொண்டே திரியும். கூட்டின் இரு முனையிலும் திறப்பு உண்டு. எந்தப் பக்கமும் தலை நீட்டும்.

பழைய சிலந்தி வலை, உதிர்ந்த முடி, செத்த பூச்சிகள் ஆகியவையே இதன் உணவு. ஆகவே மருந்து தேவையில்லை. ஒட்டடை அடித்து, கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் கூட்டினாலே போதும்.

3. டிரேன் ஈ

குளியலறைச் சுவரில் இதய வடிவில், சாம்பல் நிறத்தில், உடலெல்லாம் மெல்லிய முடியோடு உட்கார்ந்திருக்கும் சின்ன ஈ இது. நம்மைக் கடிக்காது. பறக்கும் ஈயை ஸ்ப்ரே அடித்துக் கொன்றாலும் மறுநாள் புதிதாக வரும். ஏனென்றால், குழாயின் உட்புறத்தில் படிந்திருக்கும் வழுவழுப்பான அழுக்கில்தான் புழுக்கள் வளர்கின்றன.

எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவில் துளையைச் சுற்றித் துடைத்துவிட்டு, ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் கீழே இருக்குமாறு ஒட்டுங்கள். துளையை முழுதும் மூடவேண்டாம். காலையில் ஈக்கள் ஒட்டியிருந்தால் அதுதான் இடம். நீண்ட தூரிகையால் உட்புறத்தைத் தேய்த்து, சுடுநீர் ஊற்றுங்கள். பிளீச்சையும் வேறு கழுவுநீரையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரலாம்.

4. புத்தகப் பேன்

பழைய சிறுகதைத் தொகுப்பைத் திறந்ததும் வெளிர் நிறத்தில், 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவில் ஏதோ ஓடுகிறதா? பேன் என்று பெயர் இருந்தாலும் இது நம் இரத்தத்தைக் குடிக்காது. ஈரத்தில் பூக்கும் பூஞ்சணத்தைத்தான் தின்னும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உடல் வறண்டு செத்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் அது சுலபமில்லைதான். அதனால் அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். புத்தகங்களை நெருக்கி அடைக்காதீர்கள். நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வகுப்பறைக்கு

நான்கையும் ஒன்றாகப் பாருங்கள். விளக்கு, ஒட்டடை, குழாய் அழுக்கு, ஈரம். பூச்சி வந்ததற்கு ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் கொன்றால் வேலை முடியாது.

மாணவர்களே, கட்டுரையிலும் இதே வரிசையைப் பின்பற்றலாம்: அடையாளம், வரக் காரணம், தடுக்கும் வழி. பத்துப் பூச்சிகளின் பெயரை அடுக்குவதைவிட, இரண்டை இப்படி விளக்கினால் கருத்து ஆழமாகும். ஆசிரியர்கள் ஒட்டுநாடாச் சோதனையை வீட்டுப்பாடமாகக் கொடுத்து, மறுநாள் பார்த்ததை ஒரு பத்தியாக எழுதச் சொல்லலாம்.

அந்த மாணவியின் கழுத்தில் தழும்பு மெல்ல மறைந்துவிட்டது. இப்போது வகுப்பில் ஏதாவது பூச்சி பறந்து வந்தால், “நசுக்காதீங்க, முதல்ல என்னன்னு பாருங்க” என்று முந்திக்கொண்டு சொல்வது அவள்தான்.