மூடாத ஓட்டை

சட்டைத் துணியில் தையல் கோணலாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். ஊசி போன தடத்தை நகத்தால் நீவிவிட்டால், ஒரு சலவைக்குப் பிறகு தேடினாலும் கிடைக்காது. தோலில் அந்தச் சலுகை கிடையாது. ஊசி ஒருமுறை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். வீட்டில் பொழுதுபோக்காக பெல்ட்டும் பர்ஸும் தைக்கக் கிளம்பியவர்களின் மேசையில் குவிந்திருக்கும் சாமான்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அவற்றில் பலவும் இந்த ஒரு தொல்லையைச் சமாளிக்கப் பிறந்தவை.

துணி என்பது ஊடும் பாவும். ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு இடையில் புகுந்து போய்விடும்; பெரும்பாலும் எதுவும் அறுபடுவதில்லை. தோலில் ஊடும் இல்லை, பாவும் இல்லை. கொலாஜன் என்கிற புரத நார்கள் கற்றை கற்றையாகப் பிரிந்தும் சேர்ந்தும் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. மேல்பரப்பில் நார்கள் மெல்லியவை, நெருக்கமானவை. உள்ளே போகப்போகக் கற்றைகள் தடிக்கின்றன, வலுவெல்லாம் அங்கேதான். ஊசி இறங்க வேண்டுமென்றால் கொஞ்சம் நாரை வெட்டித்தான் ஆகவேண்டும்.

அந்த நாரின் உள்கட்டமைப்பு துலங்கியது சென்னையில். 1952-ல் இங்கே வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அதை இன்னும் செப்பனிட்டார்கள். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட மூவிழைச் சுருள் அது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் உட்கார்ந்திருக்கும். அமினோ அமிலங்களில் அதுதான் ஆகச் சிறியது. மூன்று இழைகளும் நெருக்கும் நடுவில் வேறு எதற்கும் இடம் போதாது. ஒரு மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை. இப்படிப்பட்டவை கோடிக்கணக்கில் சேர்ந்து நாராகி, நார் கற்றையாகித்தான் நம் செருப்பு வார் நம் எடையைத் தாங்குகிறது.

பச்சைத் தோலைச் சுடுநீரில் போட்டால் அறுபது டிகிரியைத் தாண்டியதும் சுருள் அவிழ்ந்து தோல் சுருங்கிவிடும். பதனிடுவது என்றால் அந்த இழைகளுக்குக் குறுக்கே பாலம் போடுவது. குரோம் உப்பு போட்ட பாலம் கொதிநீரையே தாங்கும். வேலையும் ஓரிரு நாளில் முடியும். ஆவாரம்பட்டை, கடுக்காய் வகைத் துவர்ப்பில் ஊறிய தோலுக்கு அந்த வலு வராது, நாளும் அதிகம் பிடிக்கும். ஆனாலும் கைவேலைக்காரர்கள் பட்டைத் தோலைத்தான் தேடுவார்கள். நனைத்து வளைத்தால் காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். வெட்டிய விளிம்பைத் தேய்த்தால் பளபளக்கும். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். ஈரத் தோலின் மேல் இரும்புக் கருவியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கருநீலக் கறை காத்திருக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. கலம்காரித் துணியின் கறுப்பும் இந்த வேதியியல்தான்.

ஓட்டைக்கு வருவோம். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்பது துணி தைத்த கையின் நம்பிக்கை. தோலில் அது தலைகீழ். தபால்தலைகளுக்கு நடுவே வரிசையாகத் துளை போடுவது கிழிப்பதற்காகத்தானே? அதே வேலையை நாமே செய்துவைத்தது போலாகும். அதனால் பர்ஸுக்கு ஒரு தையலுக்கு மூன்று மில்லிமீட்டர், பெல்ட்டுக்கு நான்கு, ஐந்து என்று தள்ளித் தள்ளிப் போவார்கள். துளையின் வடிவமும் முக்கியம். கைவேலைக் குத்தூசியின் அலகை அறுத்துப் பார்த்தால் சாய்சதுரமாக இருக்கும். அது போடுவது வட்ட ஓட்டை அல்ல, கீறல். அந்தக் கீறல்கள் தையல் கோட்டின் மேலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருந்தால், ஒன்றின் முனை அடுத்ததைப் பார்த்தபடி இருக்கும், இழுபட்டால் கிழிசல் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடும். சாய்த்துப் போட்டால் ஒவ்வொரு கீறலின் முனையும் பக்கத்துத் தோலைப் பார்க்கும். நல்ல கைத்தையலில் தெரியும் அந்தச் சாய்வுக் கோடுகளை அழகுக்கென்று நினைப்பவர்கள் உண்டு. அழகு இனாம்.

கைத்தையல் இரண்டு ஊசி வேலை. ஒரே மெழுகு நூல், இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி. நூல் தையலின் நீளத்தைப் போல நான்கு மடங்காவது வேண்டும். இடப்பக்க ஊசி ஒரு துளை வழியே வலப்பக்கம் வரும். வலப்பக்க ஊசி அதே துளை வழியே எதிர்ப்பக்கம் போகும். போகும்போது ஏற்கெனவே உள்ளே கிடக்கும் நூலைக் குத்திவிடக் கூடாது. அதனால் அந்த நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இரண்டாவது ஊசியை விடுவார்கள். பிறகு இரண்டு கையும் ஒரே அளவு பலத்தில் இறுக்கும். மேலே ஒரு தையல் தேய்ந்து அறுந்தாலும் கீழே ஓடும் மற்ற நூல் பிடித்துக்கொண்டிருக்கும். மிஷின் தையலே உதவாது என்று இதை வைத்து வாதாடுவார்கள் சிலர். அது மிகை. நன்றாக இறுக்கிய மிஷின் தையலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

மிஷினால் இரண்டு ஊசி வேலையைச் செய்ய முடியாததற்குக் காரணம் எளிது. ஒவ்வொரு தையலுக்கும் நூல் முழுவதும் துளை வழியே போய்வர வேண்டும். நூல்கண்டை மாட்டிவைத்த இயந்திரத்துக்கு அது ஆகாத காரியம். வழி பிறந்தது ஊசியின் காதை நுனிக்குக் கொண்டுவந்தபோது. எலியாஸ் ஹோவ் 1846-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மிஷினில் இருந்தது அந்த ஊசிதான். ஊசி கீழே போய், மேலே கிளம்பும் முதல் இரண்டு மில்லிமீட்டரில் விஷயம் இருக்கிறது. நூல் கூடவே ஏறாமல் உராய்வில் தங்கி, ஊசியின் ஒரு பக்கம் சின்ன வளையமாகப் புடைக்கும். அடியில் ஓடும் ஷட்டிலின் மூக்கு அதற்குள் புகுந்து, கீழ்நூலான பாபின் நூலைச் சுற்றிக் கடத்திவிடும். தடித்த தோலோ ஊசியைக் கவ்விக்கொண்டு அதோடு சேர்ந்தே மேலே எழும்பும். வளையம் புடைக்காது, தையல் தாவும். வீட்டு மிஷினில் தோல் தைத்துப் பார்த்து, நூலையும் டென்ஷனையும் திட்டித் தீர்த்தவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

தெருவோரம் செருப்பு தைப்பவர் இந்த மிஷின் தையலையே கையால் போடுகிறார் என்பது பலர் கண்ணில் படுவதில்லை. அவர் குத்தூசியின் முனையருகே ஒரு வெட்டு இருக்கும். ஊசியை மேலிருந்து இறக்கி, கீழே பிடித்திருக்கும் நூலை அந்த வெட்டில் மாட்டி வளையமாக மேலே இழுப்பார். நூலின் மறுமுனையை வளையத்துக்குள் விட்டு இறுக்குவார். ஷட்டில் செய்யும் வேலை அவர் இரு விரலில் முடிகிறது. கட்ச் பகுதியின் செருப்புத் தொழிலாளர்கள் இந்தக் கொக்கி ஊசியால் தோலிலும் பிறகு பட்டிலும் பூ வேலை செய்தார்கள். இன்று கல்யாணப் பிளவுஸில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளும் ஆரி ஒர்க் அந்த வழியில் வந்தது. 1830-ல் பிரெஞ்சுத் தையல்காரர் பார்தலெமி திமோனியே காப்புரிமை பெற்ற மிஷினும் கொக்கி ஊசிச் சங்கிலித் தையல்தான் போட்டது. பிழைப்புப் போய்விடும் என்று பயந்த பாரிஸ் தையல்காரர்கள் அவர் பட்டறைக்குள் புகுந்து மிஷின்களை உடைத்தார்கள்.

தோல் தைக்க மிஷின் வாங்குபவர்கள் வேகம் கேட்பதில்லை. வேகமாக ஓடினால் ஊசி சூடேறி பாலியெஸ்டர் நூலே உருகலாம். தேவை, ஒவ்வொரு தையலாக நிதானமாக, ஆனால் பலமாகக் குத்தும் மிஷின். துணி மிஷினில் அடிப்பல் நகர்த்தும், மேல்பாதம் சும்மா அழுத்தும். தோலில் மேல்பாதம் ஒட்டிக்கொள்ள, இரண்டு அடுக்கில் மேலடுக்கு பின்தங்கிவிடும். அடிப்பல் கடித்த தடமும் போகாது. வாக்கிங் ஃபுட் மிஷினில் ஊசி தோலுக்குள் இருக்கும்போதே ஊசி, உள்பாதம், அடிப்பல் மூன்றும் சேர்ந்து ஓரடி வைக்கும். அடுக்குகள் வழுக்க வழியில்லை. பை ரிப்பேர் கடைகளில் கையால் சுற்றும் ஒல்லிக் கழுத்து மிஷின் இன்னொரு ரகம். அதில் மேல்பாதமே தோலைக் கவ்வி இழுக்கும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும்.

எந்த மிஷினானாலும் ஊசி தோல் ஊசியாக இருக்கவேண்டும். அதன் நுனி சின்னக் கத்தி. அந்தக் கத்தியின் சாய்வே துளையின் சாய்வையும் தீர்மானிக்கும். 110 என்று எண் போட்டிருந்தால் தடிமன் 1.1 மில்லிமீட்டர். கடைசித் தையலில் துணிக்குச் செய்வதுபோல ரிவர்ஸ் அடித்தால் பழைய ஓட்டைகளுக்கு நடுவே புது ஓட்டைகள் விழும். அதனால் சக்கரத்தைக் கையால் சுற்றி, பழைய துளைகளிலேயே ஊசியை இறக்கி இரண்டு தையல் பின்னே வருவார்கள். பிறகு மேல்நூலைப் பின்பக்கம் இழுத்து, பாலியெஸ்டராக இருந்தால் ஒட்ட வெட்டி லைட்டரைக் காட்டி உருக்கி அழுத்திவிடலாம். லினன் நூல் உருகாது, கருகும். அதற்கு ஒரு சொட்டுப் பசை.