ஜி.என்.டி. ரோடு – 17: செங்குன்றத்துத் தண்டவாளம்

இந்த வாரம் கேரம் வீராங்கனை காசிமாவின் முறை என்று சொல்லியிருந்தேன். கேரம் வீரர் மரிய இருதயத்தோடு போன வாரம் நிறுத்தினோம். இரண்டு உலகப் பட்டங்கள், 1996-ல் அர்ஜுனா விருது. அதற்குள் டி.வி.யில் ஒரு வினாடி வினா குறுக்கே வந்து விழுந்துவிட்டது.

புழல் காவாங்கரையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை. இந்தியாவின் முதல் ரயில் எங்கே ஓடியது என்று கேட்டார்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பட்டென்று "பம்பாய் டு தானே, 1853" என்றான். கைதட்டல். டீ மாஸ்டரும் "கரெக்ட்" என்று தலையாட்டினார்.

"அது பாசஞ்சர் ரயிலுண்ணே. கல்லு ஏத்துற ரயிலு அதுக்கு முன்னாடியே இங்க ஓடிச்சு" என்றேன்.

"இங்கன்னா? நம்ம ரெட்ஹில்ஸ்லயா சார்?"

நம்ம ரெட்ஹில்ஸில், அதாவது செங்குன்றத்தில்தான். 1837. பம்பாயில் சாஹிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள் சேர்ந்து இழுத்த அந்தப் புகழ்பெற்ற ரயிலுக்குப் பதினாறு வருடம் முன்பே, செங்குன்றத்துக் கல்குவாரிக்காகத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். மெட்ராஸில் ரோடு போடக் கல் வேண்டும். மாட்டு வண்டியில் ஏற்றிக் கட்டுப்படியாகவில்லை. இரும்புப் பாதையில் பாரம் எவ்வளவு லேசாக நகர்கிறது என்று காட்ட, 1836-ல் சிந்தாதிரிப்பேட்டை பாலத்தருகே மாதிரிக்கு ஒரு சின்னப் பாதை அமைத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் செங்குன்றம் பாதை.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. செம்புறாங்கல். கையில் எடுத்தால் உடம்பெல்லாம் துளை. விரலில் துருப்போலச் செம்பொடி ஒட்டும். மண்ணுக்குள் இருக்கும்வரை மெத்தென்றிருக்கும், வெட்டுவது சுலபம். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். அப்படிப்பட்ட கல்லை இங்கிருந்து கொண்டுபோய்த்தான் மெட்ராஸ் ரோடுகளில் கொட்டினார்கள்.

இந்தப் பாதையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் மேலணை கட்டியவர், பின்னால் கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டை எழுப்பியவர். இன்றும் கோதாவரிக் கரை விவசாயிகள் அவரைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த சேதி வேறு. நாட்டின் முதல் தண்டவாளத்தோடு பெயர் சேர்ந்த இதே மனிதர்தான், பிற்காலத்தில் இந்தியாவுக்கு ரயிலைவிடக் கால்வாய்தான் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். படகில் சரக்கு ஏற்றினால் செலவு குறையும், அதே தண்ணீர் வயலுக்கும் பாயும், பஞ்சத்தில் உயிர் காக்கும் என்பது அவர் கணக்கு. 1878-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன்னாலும் அதைத்தான் சொன்னார். ரயில்காரர்கள் கேட்கவில்லை. அவர் சொன்னதில் பாதியாவது கேட்டிருக்கலாம் என்பது என் கட்சி. இன்று பக்கிங்காம் கால்வாய் கிடக்கும் கிடையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் நம் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. அந்த ஸ்டேஷன் கட்டடமாவது இன்னும் நிற்கிறது. செங்குன்றம் பாதைக்கு ஒரு பெயர்ப் பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. டி.வி. செய்தியில் புழல் என்றால் இரண்டே சேதி: ஒன்று ஜெயில், இன்னொன்று ஏரி மட்டம். மழைக்காலத்தில் பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் என்று ஸ்கோர் போர்டு மாதிரி வரிசையாக ஓடும் எண்களில், மொத்தக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, முழு உயரம் 21.20 அடி என்று நம் ஏரியும் வந்துபோகும். அந்த ஏரியைச் சென்னையின் குடிநீருக்காக இன்றைய அளவில் கட்டியது 1876-ல். தண்டவாளம் அதற்கும் ஏறக்குறைய நாற்பது வருடம் மூத்தது. மாவட்ட நிர்வாகமோ ரயில்வேயோ, யாராவது ஒருவர் ஜி.என்.டி. ரோட்டோரம் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். செம்புறாங்கல்லிலேயே வைத்தால் இன்னும் நல்லது.

வினாடி வினா நடத்துகிறவர்களும் கேள்வியில் "பயணிகள்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

காசிமா அடுத்த வாரம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்று வந்த ஆட்டோ டிரைவரின் மகள். ரெட் காயைப் போட்டுவிட்டு ஃபாலோ காய்க்குக் குறிவைக்கும்போது ஸ்ட்ரைக்கரை எங்கே வைக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.