சைக்கிளின் சத்தமும் தாத்தாவின் காதும்

நான் 1979-ல் கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்தவன். 35 ஆண்டுகள் டீசல் என்ஜின் சோதனைக் கூடத்தில் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் மீது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, அதன் பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். சிஞ்ச்வட் பக்கம் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர்களில் சிலர் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றதுண்டு. அந்தப் பெருமை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போன மார்கழி வரை.

என் மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்சார சைக்கிள் வாங்கினான். பெயர்தான் சைக்கிள், விலைக்கு ஊரில் என் தகப்பனார் இரண்டு வீடு கட்டியிருப்பார். பெடல்களுக்கு நடுவே, கிராங்க் அச்சைச் சுற்றி மோட்டார். நாம் மிதித்தால்தான் அதுவும் வேலை செய்யும். நம் நாட்டு விதிப்படி 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட இந்த வகைக்குப் பதிவு எண்ணும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். வாங்கிய புதிதில் பையன் அதைத் துடைத்த துடைப்பைப் பார்த்து, “ஏனுங்க, நம்ம கல்யாணத்துக்கு வாங்கின வெள்ளிக் குத்துவிளக்கைக் கூட நான் இப்படித் துடைச்சதில்லீங்க” என்றாள் என் மனைவி.

மார்கழியில் ஒரு நாள் காலை அவன் முகம் வாடி வந்தான். துர்கா டேக்டி மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து ஏதோ சத்தம் வருகிறதாம். வாங்கிய கடைக்குக் கொண்டுபோனான். அவர்கள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, மோட்டாருக்குள்ளே பேரிங் போயிருக்கும், உள் பாகங்கள் தனியாகக் கிடைக்காது, மோட்டாரையே மாற்ற வேண்டும், வாரண்டி முடிந்துவிட்டது, தொண்ணூறாயிரம் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“அப்பா, நீங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்க” என்றான்.

இதற்காகவே காத்திருந்தவன் போல் கிளம்பினேன். எங்கள் குடியிருப்பைச் சுற்றி நாலு சுற்று. மேட்டில் ஏறினேன், இறங்கினேன். அருமையான வண்டி. சத்தமா? ஒன்றுமே இல்லை. மிதிக்காமல் உருள விட்டால் எல்லா சைக்கிளிலும் பின்சக்கரத்து ஃப்ரீவீல் டிக் டிக் என்று சொல்லுமே, அதுகூட இல்லை. “உயர்ந்த சாமான்டா. ஃப்ரீவீல் கூட வாயைத் திறக்கலை. சத்தமெல்லாம் உன் பிரமை” என்று தீர்ப்புச் சொல்லி இறங்கினேன்.

மகன் பதில் பேசவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை.

மறுநாள் என் பேத்தியிடம் மாட்டிக்கொண்டேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். நான் மறுபடி ஓட்டிப் பார்க்க, அவள் தன் சின்ன சைக்கிளில் பக்கத்திலேயே வந்தாள். மேடு ஆரம்பித்ததும், “இதோ, இதோ, வருது தாத்தா!” என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. “இவ்ளோ சத்தமா வருது, உங்களுக்குக் கேக்கலையா?” என்றாள். குழந்தை கேலி செய்யவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். மேட்டின் பாதியில் வண்டியை நிறுத்திவிட்டேன். டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் தினமும் நடக்கும் சண்டை, குக்கர் விசில் கேட்கவில்லை என்று நான் சாதித்தது, எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

சோதனைக் கூடத்தில் காதில் வைக்கப் பஞ்சும் அடைப்பானும் கொடுக்கத்தான் செய்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளின் உச்சவரம்பு என்று சுவரில் எழுதியும் வைத்திருந்தார்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை. காதை அடைத்தால் என்ஜின் பேசுவது எப்படிக் கேட்கும் என்று வீம்பு.

பேத்தியிடம் உண்மையைச் சொன்னேன். “தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இனிமே நீதான் காது, நான் கை. சரியா கண்ணு?” அவளுக்கு ஒரே குஷி.

ஆனால் முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்தோம். “எப்படிச் சத்தம் வருது?” என்று கேட்டேன். “கரகரன்னு” என்றாள். கரகர என்றால் நமக்குத் தொண்டை கட்டினாற்போல. மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்தால் அப்படித்தான் வரும். கடைக்காரன் சொன்னது சரிதானோ என்று வயிற்றில் புளி கரைத்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் சொன்னது மராத்தி கரகர. மராத்தியில் அது பழைய கதவும் கட்டிலும் முனகும் ஓசைக்கும் ஆகும். பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் மராத்தி, வீட்டில் எங்களோடு மட்டும் தமிழ். சத்தத்துக்கெல்லாம் தமிழில் சொல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தப்பு அவள் மேல் இல்லை.

அன்று மாலை வேறு வேலை இல்லை, உட்கார்ந்து இரட்டைக்கிளவி பாடம் நடத்தினேன். டப்பாவில் நாலு நட்டைப் போட்டு ஆட்டினால் கடகட, தளர்ந்த உறுப்பு. பல்லுக்கிடையில் மணல் அகப்பட்டால் நறநற, செயினில் மண். காய்ந்த சருகின் மேல் நடந்தால் சரசர. செயின் எங்கோ உரசுகிறது. எண்ணெய் காணாத கீலில் வருவது கிறீச். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசித்தாள். “இது எதுவுமே இல்ல தாத்தா. பாட்டி சுட்ட முறுக்கைக் கடிக்கற மாதிரி. ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.”

நறுக்!

இதைவிட நல்ல நோய்க்குறிப்பை என் சர்வீஸில் எந்த டெக்னீஷியனும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. தேய்ந்த பேரிங் நறுக்கென்று கடிக்காது. அது தொடர்ந்து உறுமும். இறுக்கமாகச் சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு உலோகப் பரப்புகள், நடுவில் கிரீஸ் வற்றிப்போய், பாரம் ஏறும்போது ஒரு மயிரிழை நகர்ந்தால்தான் இப்படி வரும்.

அடுத்தது தாளம். இதற்குக் காதோடு கணக்கும் வேண்டும். இந்த சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 38 பல், செயினில் 114 கண்ணி. ஆகவே பெடல் மூன்று சுற்று சுற்றினால்தான் செயின் முழுசாக ஒரு சுற்று வரும். ஒரு கண்ணி மட்டும் இறுகிக் கிடந்தால் சத்தம் மூன்று சுற்றுக்கு ஒருமுறை வர வேண்டும். பின்னால் 19 பல் உள்ள கியரில் போட்டால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று. சக்கரத்தில் கோளாறு என்றால் அந்தக் கணக்கில் வரும். மகன் ஓட்ட, பேத்தி பக்கத்தில் வந்தபடி விரலை மடக்கி எண்ணினாள். ஒவ்வொரு மிதிக்கும் ஒன்று. வலதுகால் அழுத்தும்போது பலமாக, இடதுகால் அழுத்தும்போது லேசாக.

சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கச் சொன்னேன். அப்போதும் வந்தது; ஆகவே சீட்டும் அதன் கம்பியும் குற்றவாளிகள் அல்ல. பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும், சீட் கம்பியை உருவித் துடைத்துக் கிரீஸ் போட்டால் போதும். அடுத்து மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் காலால் அதே மேட்டில் ஏறச் சொன்னேன். மகனுக்கு மூச்சு வாங்கியது. சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைக்காரர்கள் இங்கேதான் சறுக்கியிருக்க வேண்டும். மோட்டார் போட்டால் சத்தம் கூடுகிறது, எனவே மோட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாம் நிதானமாக மிதிக்கும்போது கொடுப்பது 100 வாட் போல. நடு மோட்டார் அதற்கு மேல் தன் 250 வாட்டையும் அதே செயின் வழியாகத்தான் பின்சக்கரத்துக்கு அனுப்புகிறது. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆக, செயின் பாதையில் எங்கே பலவீனம் இருந்தாலும் மோட்டார் அதைப் பெரிதாக்கிக் காட்டும். கத்துவது மோட்டார்தான் என்று அர்த்தமில்லை.

ஒவ்வொரு மிதிக்கும் வருகிறதே, பெடலாகத்தான் இருக்கும் என்று நான் கழற்றத் தொடங்கினேன். இடது பெடலைக் கழற்றத் தெரியாமல் ஸ்பேனரில் தொங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு மரை தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஓடும்போது தானாகக் கழன்றுகொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. விமானம் செய்த ரைட் சகோதரர்கள் முதலில் சைக்கிள் கடைக்காரர்கள். தங்கள் சைக்கிள்களில் 1900 வாக்கிலேயே இதை வைத்தார்கள். பெடல் இரண்டையும் துடைத்து, மரையில் கிரீஸ் பூசி, இறுக்கினேன். சத்தம் இருந்தது. கிராங்க் போல்ட்டுகளையும் பல்சக்கரத்தின் பூட்டு வளையத்தையும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்தேன். சத்தம் இருந்தது. செயினைச் சாதாரண ஸ்கேலால் அளந்தேன். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் காலம், எட்டில் ஒன்று கூடினால் பல்சக்கரங்களும் போச்சு. இங்கே 12-ஐ மயிரளவே தாண்டியிருந்தது. அதுவும் நிரபராதி.

மூன்று நாள் போயிற்று. “அப்பா, பேசாம மோட்டாரை மாத்திடலாங்க” என்றான் மகன். எனக்கு அது காதில் நன்றாகவே விழுந்தது.

இரவில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் என் தப்பு புரிந்தது. மிதியோடு வரும் சத்தம் மிதியில்தான் பிறக்க வேண்டும் என்று யார் சொன்னது? மிதிக்கும்போது பாரம் ஏறுகிற எந்த மூட்டும் மிதியின் தாளத்திலேயே கத்தும். சைக்கிளின் ஃபிரேமோ உள்ளே வெற்றான அலுமினியக் குழாய். வீணைக் குடம் மாதிரி. பின்கோடியில் தட்டினால் நடுவில் முழங்கும். மூன்று நாளாக நான் குடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன், தந்தி வேறெங்கோ இருந்தது.

காலையில் முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். இதை மறந்துவிடாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால், ஆள் மிதிக்கிறான் என்று எண்ணி மோட்டார் துள்ளும். செயின் அருகில் இருக்கும் விரல் போய்விடும். பிறகு மகனைப் பின்பிரேக்கைப் பிடித்தபடி நிற்க வைத்து, வலது பெடல் முன்னோக்கிக் கிடையாக இருக்கும்போது காலால் அழுத்தி அழுத்தி விடச் சொன்னேன். வண்டி நகராது, பாரம் மட்டும் ஏறி இறங்கும். பேத்தியிடம் என் பழைய ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். கிராங்க் அருகே வைத்தாள், “லேசா” என்றாள். சீட்டுக்கு அடியில், “இன்னும் லேசா.” பின்சக்கரத்து இடப்பக்கம், “ம்ஹூம்.” வலப்பக்கம் வைத்தவுடன் ஐயோ என்று காதை எடுத்துவிட்டாள்.

அங்கே நான் விரலை வைத்தேன். கேட்காதது விரல் நுனியில் தெரிந்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு நறுக். கியர் மாற்றும் கையைத் தாங்குகிற அலுமினியத் துண்டு ஒன்று அங்கே ஃபிரேமோடு பொருந்தியிருக்கும், ஹேங்கர் என்பார்கள். கடலைமிட்டாய் அளவுதான். அதைக் கழற்றினால் அடியில் கிரீஸ் என்பதே இல்லை. வெள்ளையாக உப்புப் பூத்தாற்போல் ஒரு பொடி, நடுவில் செம்மண் துகள்.

“மழைக்காலம் முடிஞ்சதும் வண்டியை எங்கே கழுவினே?” என்று மகனைக் கேட்டேன். கார் கழுவும் கடையில் பீச்சாங்குழல் வைத்து அடிக்கச் சொன்னானாம். அந்த வேகத்துக்குத் தண்ணீர் மூட்டுக்குள் புகுந்து கிரீஸைக் கொண்டுபோய்விடும். மின்சார சைக்கிளை ஈரத் துணியாலும் பிரஷ்ஷாலும்தான் கழுவ வேண்டும். பையன் தலையைச் சொறிந்தான்.

துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவி, ஹேங்கரைப் பொருத்தி, சக்கர அச்சை அதன் மேல் அச்சிட்டிருந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். இருபது நிமிடம். செலவு, இரண்டு விரல் கிரீஸ். மகன் துர்கா டேக்டி மேட்டில் ஏறினான்; பேத்தி பின்னாலேயே போனாள். திரும்பி வந்து, “முறுக்கு தீந்து போச்சு தாத்தா!” என்றாள்.

அதற்குப் பிறகு மகன் என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். நான் முரண்டு பிடிக்கவில்லை. சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்து வரைபடத்தைப் பார்த்தால் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் அருகே கிணற்றில் விழுந்திருந்தது. “எந்தத் தொழிற்சாலையில் இருந்தீர்கள்?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் காது முதலில் அந்த இடத்தில்தான் அடிபடுமாம். போனது திரும்பாது, இருப்பதைக் கொண்டு சமாளிக்கக் கருவி உண்டு என்றார்.

கருவி தை மாதத்தில் வந்தது. மாட்டிக்கொண்ட முதல் நாள் வீடே ஒரே இரைச்சல். மின்விசிறி, செய்தித்தாள் புரட்டுவது, தாளிக்கிற கடுகு. சாயங்காலம் மகன் சைக்கிளை வராந்தாவில் உருட்டிக்கொண்டு வந்தான். பின்சக்கரத்திலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம்.

“ஃப்ரீவீல்ல எப்போதிலிருந்துடா இந்தச் சத்தம்?” என்றேன்.

“வாங்கின நாள்ல இருந்தே இருக்குதுங்கப்பா” என்றான்.