வ்யாக்யானத் தேடலும் அதன் சோதனையும்

திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி முதல் ஈடு முப்பத்தாறாயிரப்படி ஈறாக ஐந்து வ்யாக்யானங்கள் ப்ரஸித்தம். படி என்பது 32 எழுத்துக்கள் கொண்ட க்ரந்த அளவு. இத்தகைய பெருநூல்களைக் கணினியில் ஏற்றிவைக்கும் நூலகம், தேடுபவர்க்கு வேண்டிய இடம் கிடைக்கிறதா என்பதையும் சோதித்தறிய வேண்டும்.

'சேஷத்வம்' என்று ஒரு பதிப்பிலும் 'சேஷத்துவம்' என்று மற்றொன்றிலும் இருக்கலாம். 'சேஷத்வத்தாலே' என உருபேற்றும் வரும். 'அடிமை' என்ற தமிழ்ச்சொல்லே அப்பொருளைத் தருவதும் உண்டு. எழுத்தை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு இவை நான்கும் வெவ்வேறு. அது காட்டாததைக் கொண்டு 'பூர்வாசார்யர்கள் இதை அருளிச்செய்யவில்லை' என்று முடிவுகட்டினால், கருவியின் குறை ஆசார்யர்களின் மௌனமாகக் கொள்ளப்படும்.

இதற்கான சோதனைமுறை 1960களில் இங்கிலாந்தின் க்ரான்ஃபீல்டில் ஸிரில் கிளெவர்டன் நடத்திய ஆய்வுகளால் உருப்பெற்றது. விடை முன்பே குறிக்கப்பட்ட வினாக்களைக் கொண்டு, வரவேண்டியவற்றுள் எத்தனை வந்தன, வந்தவற்றுள் எத்தனை பொருந்தின என்ற இரண்டையும் அளப்பதே அது.

வ்யாக்யானங்களில் தேர்ந்த வித்வான்கள் ஒரு வினாவுக்கு 10 இடங்களைக் குறித்திருக்க, கருவி 6 மட்டுமே காட்டியதாகக் கொள்வோம். விடுபட்ட 4 இடங்களுக்கும் காரணம் எழுத்துவேறுபாடா, உருபா, பர்யாயச் சொல்லா என்று ஆராய வேண்டும். திருத்தம் தேடற்பட்டியலில் மட்டுமே செய்யத்தக்கது. மூலபாடத்தில் ஓரெழுத்தும் மாறலாகாது. பின்னர் அதே வினாக்களால் மீண்டும் அளக்க வேண்டும். பர்யாயங்களைச் சேர்த்தபின் பொருந்தாத இடங்கள் மிகுகின்றனவா என்பதும் அப்போது தெரியவரும்.

எந்த இடம் வரவேண்டும் என்பதைக் காலக்ஷேபத்தில் கேட்டுத் தெளிந்தவரே சொல்லவல்லர். ஆகவே இச்சோதனையை அவர்களைக் கொண்டே தொடங்குவது தகும்.