குறைமாதப் பிள்ளையின் வாக்குமூலம்

கொழும்பிலே புதுக்கடை என்றதும் நினைவுக்கு வருவன நீதிமன்றங்களும் கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர்களுமே. உரியவரின் வாக்குமூலத்தைக் கேளாது தீர்ப்பு வழங்குதல் முறையன்று என்பதை அங்கே வாழும் சிறுவரும் அறிவர். எனினும், அப்புதுக்கடையின் ஒழுங்கையொன்றிலே மாதம் நிறையுமுன் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், அன்று மாலையே தீர்ப்புக் கூறப்பட்டுவிடும். "ஏழு மாதப் பிள்ளை தப்பும், எட்டு மாதப் பிள்ளை தப்பாது" என்பார் ஒரு பாட்டி. "தப்பினாலும் மந்தமாய்த்தான் வளரும்" என்பார் மற்றொருவர்.

முதற்கூற்று தவறு. எட்டாம் மாதத்தை அஞ்சும் நம்பிக்கை பண்டைக் கிரேக்க வைத்திய நூல்களிலும் உண்டு. பழமை மட்டும் ஒன்றை மெய்யாக்கிவிடாது. கருப்பையிற் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு வலிமையே சேர்க்கின்றது. 37 வாரம் நிறையுமுன் பிறப்பதையே குறைமாதப் பேறு என்பர்.

இரண்டாங் கூற்றே ஆராயத்தக்கது. ஒரு காலத்தில் உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்தது. நுரையீரலின் நுண்ணறைகளைச் சுருங்கிவிடாமற் காக்கும் வழவழப்பான பொருளொன்று இப்பிள்ளைகளிடம் போதாமையே மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்பதை 1959இல் ஏவரியும் மீடும் வெளிப்படுத்தினர். தாய்க்கு முன்கூட்டியே ஊசிமருந்து ஏற்றி அந்நுரையீரலை முதிரச்செய்யலாம் என 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்சும் ஹோவியும் காட்டினர். ஆயினும் உயிர் தப்புதல் மட்டும் போதுமா? 1940ஆம் ஆண்டுகளில் மேலைநாடுகளிலே பிராணவாயுவை வரையறையின்றி அளித்ததனால், பிழைத்த பிள்ளைகள் பலர் கண்ணொளி இழந்தனர். 1951இல் மெல்பேண் நகர வைத்தியர் கேற் காம்பெல் அக்காரணத்தைச் சுட்டிக்காட்டிய பின்னரே மருந்தாகிய வாயுவுக்கும் அளவு உண்டெனத் தெளிந்தனர். இன்றும் மிகக் குறைந்த வாரங்களிற் பிறந்த பிள்ளையின் கண்ணை, முதல் மாதமளவிலேயே கண் வைத்தியர் சோதிக்கவேண்டும். அந்தத் தவணையைத் தவறவிடலாகாது.

பிழைத்தவர்களின் வாழ்வு எத்தகையது என்று அவர்களையே வினவியவர், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து வைத்தியர் சரோஜ் சைகல். 1977க்கும் 1982க்கும் இடையில் ஒரு கிலோகிராமுக்கு மேற்படாத எடையுடன் பிறந்து, பன்னிரண்டு முதல் பதினாறு வயதை எட்டியிருந்த பிள்ளைகளை அவரும் தோழர்களும் கண்டு பேசினர். முடிவு 1996இல் வெளிவந்தது. பார்வை, கல்வி முதலியவற்றில் அவர்களுக்குக் குறைகள் கூடுதலாகவே இருந்தன; தம் வாழ்வை நிறைமாதத் தோழரினும் சற்றுத் தாழ்வாகவே மதித்தனர். ஆயினும் மிகப்பெரும்பாலோர் வாழ்வு திருப்தியாகவே உள்ளதென்றனர். 1999இல் அவர்கள் இன்னொன்றையும் கண்டனர். கடுமையான ஊனத்தைக்கூட அப்பிள்ளைகளும் பெற்றோரும் மதித்ததைவிட, வைத்தியரும் தாதியருமே இழிவாக மதித்தனர்! அருகிலிருந்து காப்பாற்றிய கரங்களே அவ்வாழ்வைக் குறைத்து எண்ணின.

இதனால் எல்லாம் நலமே என்று கொள்ளலாகாது. அதே பிள்ளைகள் முப்பது வயதைக் கடந்தபோது, நிறைமாதத்திற் பிறந்தோரினும் வருவாய் குறைந்தவராகவும், நாட்பட்ட நோய் மிகுந்தவராகவும் காணப்பட்டனர். துணை பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடக்கூடாதென்பதே இதன் பொருள்.

புதுக்கடைத் தாய்க்கு அருகிலே துணை இல்லாமலில்லை. 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும், பொரளையிலே காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும், லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் எட்டும் தூரத்திலேயே உள்ளன. வீடு தேடிவரும் குடும்பநல மாதுவும் உண்டு. தாய் தெரிந்துகொள்ளவேண்டிய கணக்கு ஒன்றே. எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதமாகும்போது, அதை நாலு மாதப் பிள்ளையோடுதான் ஒப்பிடவேண்டும். இரண்டு வயதுவரை இவ்வாறு கழித்தே வளர்ச்சியை அளப்பர்.

ஆனால் பள்ளிக்கூடம் இக்கணக்கை அறியாது. இலங்கையிலே முதலாம் வகுப்பிற் சேர்வதற்கு அவ்வாண்டு சனவரி 31ஆம் நாளன்று ஐந்து வயது நிறைந்திருத்தல் வேண்டும். மார்ச்சிற் பிறக்கவேண்டிய பிள்ளை சனவரியிற் பிறந்துவிட்டால், உரிய காலத்துக்கு ஓராண்டு முன்னதாகவே வாங்கில் அமர்கின்றது. அவ்வகுப்பிலே மிக இளையதும் அதுவே ஆகலாம். அதன் எழுத்துக் கோணுமிடத்து மந்தம் எனப் பெயர்சூட்டுமுன், அது பிறந்த வாரத்தை ஆசிரியர் அறிந்திருக்கவேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலே அது எழுதப்பட்டிருக்கும். முதல்நாளே பெற்றோர் அதனை எடுத்துச்சென்று காட்டலாம்.