சமையலறையில் சுண்டெலி

இரவு மணி பதினொன்று. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். தெருக்கோடியில் விசைத்தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. திடீரென்று சமையலறையில் ‘கரக்... கரக்...’ என்று ஓர் ஓசை. எழுந்து போய் விளக்கைப் போட்டால் ஒன்றையும் காணோம். காலையில் பார்த்தால் நிலக்கடலை மூட்டையின் மூலையில் ஓட்டை. அடுப்பு மேடையில் கருஞ்சீரகம் சிந்தியது போலப் புழுக்கைகள். “கடைக்குப் போயி எலி மருந்து வாங்கிட்டு வா” என்று அம்மா உங்களை அனுப்புகிறார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து வீடுகளில் இது புதிய காட்சி அன்று. ஆனால் கடைக்குக் கிளம்புமுன் சற்று நில்லுங்கள். நம் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், மருந்து இல்லாமலேயே அதை வெளியேற்ற முடியும். எப்படி என்று பார்ப்போமா?

வந்திருப்பது யார்?

இரவில் ஓடும் எல்லாவற்றையும் ‘எலி’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் நம் வீடுகளில் நான்கு பிராணிகளைக் காணலாம்.

முதலாவது சுண்டெலி. விலங்கியலார் இதற்கு வைத்த பெயர் ‘மஸ் மஸ்குலஸ்’. எடை சுமார் 15 கிராம். புழுக்கை சீரகம் அளவே இருக்கும். இரண்டாவது வீட்டெலி, அதாவது ‘ராட்டஸ் ராட்டஸ்’. இதன் வால் உடலைவிட நீளமானது. ஓட்டுக் கூரையிலும் பரணிலும் சுலபமாக ஏறும். இதன் புழுக்கை நெல்மணியைவிடப் பெரியது. மூன்றாவது பெருச்சாளி. சாக்கடையோரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் வளை தோண்டும்.

நான்காவது மூஞ்சூறு. நீண்ட கூர்மூக்கும், மூக்கைத் துளைக்கும் நெடியும் இதன் அடையாளங்கள். பிள்ளையாரின் வாகனம் என்று நம் ஊரில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இது எலி இனமே அன்று! எலிகள் கொறிக்கும் விலங்குகள். மூஞ்சூறோ கரப்பான், புழு, பூச்சிகளைத் தேடித் தின்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. மூட்டையில் ஓட்டை போட்டது மூஞ்சூறு அன்று. ஆகவே அதை அடிக்கவேண்டாம்.

சமையலறையில் பெரும்பாலும் நம்மைத் தொல்லைப்படுத்துவது சுண்டெலி. தண்ணீர் மிகக் குறைவாகக் கிடைத்தாலும் அது உயிர் வாழும். அது தின்னும் தானியத்திலிருந்தே தேவையான ஈரத்தில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிலக்கடலையும் சோளமும் வீடு வந்து சேரும். மூட்டைகளோடு சேர்ந்து சுண்டெலியும் வந்துவிடுவது உண்டு. நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளின் தீவனக் கொட்டகைகளில் குவிந்து கிடக்கும் மக்காச்சோளமும் அதற்கு நல்ல விருந்து. இரவு சிந்திய ஒரு பிடி பொட்டுக்கடலை போதும், சில சுண்டெலிகள் அன்றைய பொழுதை ஓட்டிவிடும்.

உளி போன்ற பல்

எலி ஏன் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறது? பசிக்காக மட்டும் அன்று. அதன் முன்பற்கள் நான்கும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பெரிய எலிகளில் இவ்வளர்ச்சி ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல்! தேயாமல் விட்டால் வாயை மூடவே முடியாமல் போய்விடும்.

இந்தப் பற்களின் அமைப்பும் வியப்பானது. முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல் பூச்சு. பின்பக்கம் சற்று மிருதுவான பல்திசு. கொறிக்கும்போது பின்பக்கம் விரைவில் தேய்கிறது, முன்பக்கம் மெதுவாகத் தேய்கிறது. ஆகவே பல்லின் நுனி தச்சரின் உளி போல எப்போதும் கூராகவே இருக்கிறது. மரக் கதவு, பிளாஸ்டிக் டப்பா, சணல் சாக்கு, மின்கம்பியின் உறை எல்லாம் இந்த உளிக்கு இரையாகும். மின்கம்பியின் உறை போனால் தீ விபத்துக்கூட நேரலாம். ஆனால் கனமான தகரமும் எவர்சில்வரும் சிமென்டும் அதற்குச் சுலபத்தில் மசியா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஒரு பெருக்கல் கணக்கு

சுண்டெலியின் கர்ப்ப காலம் சுமார் 3 வாரம். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். பிறந்த 6 வாரத்தில் குட்டிகளும் இனம்பெருக்கத் தயாராகிவிடும்.

ஒரு சோடி சுண்டெலி உங்கள் வீட்டில் குடியேறுகிறது என்று கொள்வோம். தாய் 3, 7, 11 ஆகிய வாரங்களில் ஆறு ஆறாக ஈனுகிறது. ஆகக் குட்டிகள் 18. முதல் ஈற்றில் மூன்று பெண் குட்டிகள் என்றால், அவை 12-ஆவது வாரத்தில் ஆறு ஆறாக ஈனும். அது இன்னொரு 18. பெற்றோர் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 38! மூன்று மாதம்கூட நிறையவில்லை.

எல்லாம் பிழைத்திருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் இப்படி நடப்பதில்லை. இடமும் இரையும் போதாமல் பல குட்டிகள் மடிந்துவிடும். இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. எலிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது முக்கியமாக உணவுதான். 38-இல் 30-ஐக் கொன்றாலும், மூட்டை திறந்தே கிடந்தால் மீதி 8-ம் சில வாரங்களில் பழைய எண்ணிக்கையை எட்டிவிடும். கொல்வது கழித்தல் கணக்கு. உணவை விட்டுவைப்பது பெருக்கல் கணக்கு. எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை.

தின்பது கொஞ்சம், கெடுப்பது அதிகம்

ஒரு சுண்டெலி ஒரு நாளில் தின்பது சுமார் 3 கிராம்தான். ஓராண்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். ஆனால் அது நாளொன்றுக்கு ஐம்பதுக்குக் குறையாமல் புழுக்கை இடும். ஆண்டுக்கு 18,000-க்கும் மேல்! சிறுநீர்த் துளிகளோ போகும் வழியெல்லாம். இவை பட்ட உணவால் சால்மொனெல்லா கிருமிகள் பரவி வயிற்றுப்போக்கு வரலாம். ‘எலிக் காய்ச்சல்’ என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயின் கிருமி எலிகளின் சிறுநீரில் வெளியேறும். அது கலந்த ஈரத்தில் புண்ணுள்ள காலோடு நடந்தால் கிருமி உடலுக்குள் புகும்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இதைவிடக் கொடிய நோய் ஒன்று இருந்தது. அதுதான் பிளேக். 1896-இல் பம்பாயில் பரவத் தொடங்கி, இந்தியா முழுவதிலும் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகிறது என்று 1898-இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த ஓசூர்ப் பகுதியும், அதையடுத்த கோலார், சித்தூர்ப் பகுதிகளும் பிளேக் நீண்ட காலம் நிலைத்திருந்த வட்டாரங்கள். இன்று அதைக் குணப்படுத்த நல்ல மருந்துகள் உண்டு. ஆனாலும் எலியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு அது மறக்கமுடியாத பாடம்.

இன்னொன்றும் உண்டு. திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறியவர்கள் பாறையில் செதுக்கியிருக்கும் 60 அடி நாகத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாகம் அசையாது. ஆனால் எலி நடமாடும் வீட்டை உயிருள்ள நாகமும் சாரையும் தேடி வரும். எலியைக் குறைத்தால் பாம்புக்கும் நம் வீட்டில் வேலை இல்லை.

மருந்து ஏன் வேண்டாம்?

கடையில் கிடைக்கும் எலி மருந்துகளில் ஒன்று, கறுத்த தூளாக இருக்கும் துத்தநாக பாஸ்பைடு. எலியின் வயிற்றிலுள்ள அமிலம் பட்டதும் இதிலிருந்து ‘பாஸ்பீன்’ என்ற நச்சு வாயு வெளிப்படும். மனிதன் வயிற்றிலும் அதே அமிலம்தானே இருக்கிறது? அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அலுமினிய பாஸ்பைடு இதனினும் கொடியது. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே வாயு கிளம்பும். தானியக் கிடங்குகளில், பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாளவேண்டிய பொருள் அது. வீட்டுக்கு உரியதன்று.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைக்கப்பட்ட மருந்தின் நச்சுக்காற்றை உறக்கத்தில் சுவாசித்த ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் குழந்தைகள் மருந்தைத் தொடவும் இல்லை, தின்னவும் இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையும் அப்படியே. உடலுக்குள் போனால் முதல் ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். பிறகு கல்லீரல் அழியும். இதனால் பல உயிர்கள் போனபின் தமிழ்நாட்டில் அதன் விற்பனையை அரசு தடை செய்தது. எந்த எலி மருந்தாயினும், தவறுதலாக யாராவது தின்றுவிட்டால் ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று காத்திருக்கக்கூடாது. உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும்.

ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வார்பரின் போன்ற மருந்துகளும் உண்டு. இவை சில நாள் கழித்தே கொல்லும். செத்த எலி பரணிலோ சுவர்ச் சந்திலோ கிடந்து நாறும். அதைத் தின்ற பூனைக்கும் கூகைக்கும் நஞ்சு ஏறும். நமக்காக எலி பிடிக்கும் நண்பர்களையே கொன்றவர்கள் ஆவோம்.

சரி, பூனையையே வளர்க்கலாமே என்பீர்கள். வளர்க்கலாம். அது சுண்டெலியை ஓரளவு பிடிக்கும். பெரிய எலியிடம் அதன் வீரம் செல்லாது. 2018-இல் நியூயார்க் நகரில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கழிவுக் கிடங்கில் 79 நாள் படம் பிடித்துப் பார்த்தார்கள். அங்கே திரிந்த பூனைகள் கொன்றது இரண்டே எலிகள்!

மின்சாரத்தில் மாட்டி வைக்கும் ஒலிக்கருவிகளும் நீடித்த பலன் தருவதில்லை. சில நாளில் எலி அந்த ஒலிக்குப் பழகிவிடும். தறிச் சத்தத்தோடு வாழப் பழகிய நம்மைப் போலத்தான்.

பொறியை எங்கே வைப்பது?

நடு வீட்டில் பொறியை வைத்துவிட்டு, “எலி விழவே இல்லை” என்று சலித்துக்கொள்வோர் பலர். சுண்டெலிக்குக் கண்பார்வை குறைவு. மீசை மயிரும் உடலும் சுவரில் உரச, சுவரோரமாகவே ஓடும். ஆகவே இரை இருக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி பொறியை வைக்கவேண்டும். சுண்டெலி தன் கூட்டைவிட்டு வெகுதூரம் போகாது. ஒரே பொறியை வைப்பதைவிட, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பல பொறிகளை ஒரே இரவில் வைப்பது நல்லது.

வீட்டெலியோ புதுப்பொருளைக் கண்டால் அஞ்சி ஒதுங்கும். அதற்கு எலிக்கூண்டைத் திறந்தபடியே இரண்டு மூன்று நாள் இரையோடு வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு கொக்கியை மாட்டவேண்டும். மசால்வடை, கருவாடு, சுட்ட தேங்காய்த் துண்டு ஆகியவை நம் பெரியவர்கள் கண்ட நல்ல இரைகள். மணமும் எண்ணெய்ப் பசையும்தான் காரணம். பசைப் பலகை மட்டும் வேண்டாம். எலி அதில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பல்லியும் குருவியும்கூட ஒட்டிக்கொள்ளும். அகப்பட்ட எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். அதைப் பெரியவர்களிடம் விடுங்கள்.

பென்சில் சோதனை

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழையும் சந்து ஒவ்வொன்றும் சுண்டெலிக் குட்டி நுழையும் சந்து. கதவின் அடி, சன்னல் மூலை, தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைக்கும் இடம், சலதாரை, சுவரின் தலையும் கூரை ஓடும் சேருமிடம் எல்லாவற்றையும் பாருங்கள். கண்ட இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள்.

சிறு துளைகளில் பாத்திரம் துலக்கும் கம்பி நாரை அடைத்து, மேலே சிமென்ட் பூசச் சொல்லுங்கள். கம்பி நாரைக் கொறிக்க எலிக்குப் பிடிக்காது. சலதாரைக்கு நெருக்கமான கம்பி வலை, கதவின் அடியில் தகரப் பட்டை. உளிப் பல்லைப் பற்றிப் படித்தோமே, அதன் பயன் இதுதான்.

அடுத்து உணவு. பருப்பும் கடலையும் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ தகர டின்னிலோ இருக்கட்டும். மூட்டைகளைத் தரையில் போடாமல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பலகைமேல் அடுக்குங்கள். இரவில் எச்சில் பாத்திரம் கிடக்கவேண்டாம். மாட்டுக்கும் நாய்க்கும் வைத்த மிச்சமும் வேண்டாம். புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசியோடு கிருமியும் பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, சற்று ஊறவிட்டு, கையுறை மாட்டித் துடைத்தெடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

செய்து பாருங்கள்

இரவு படுக்குமுன் சமையலறைச் சுவரோரம் சாக்கட்டித் தூளை மெல்லிய கோடாகத் தூவுங்கள். காலையில் காலடித் தடங்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பார்த்து, வீட்டின் படம் ஒன்று வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். துளைகளை அடைத்து, டப்பாக்களை மூடிய பிறகு ஒரு வாரம் இதையே செய்யுங்கள். தடங்கள் நாளுக்கு நாள் குறைவதைக் காண்பீர்கள். குறையவில்லை என்றால், ஏதோ ஒரு துளை உங்கள் பென்சிலுக்குத் தப்பியிருக்கிறது. தேடுங்கள்!

தடமே விழாத காலை ஒன்று வரும். அன்று அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். இனி எலி மருந்து வாங்கக் கடைக்குப் போகவேண்டிய அவசியம் இராது.