பூங்குழலி ஓடிய சேறு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் கோடிக்கரைச் சேற்றுப் பள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஓடுகிற பூங்குழலியைத் துரத்திக்கொண்டு போன வந்தியத்தேவன், தரை என்று நம்பிக் கால் வைத்த இடத்தில் புதையத் தொடங்குகிறான். முயன்றும் மீள முடியவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே வந்து அவனைக் கரையேற்றுகிறாள். 1950ஆம் ஆண்டில் வார இதழில் தொடராக வரத் தொடங்கிய அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தில் இக்காட்சி வருகிறது. உங்கள் வயதில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அவள் ஓடியதும் அதே வெளியில்தான்; அவன் ஓடியதும் அங்கேதான். அவன் மட்டும் ஏன் புதைந்தான்?

கோடிக்கரைக்கே போக வேண்டியதில்லை. எங்கள் அதிராம்பட்டினத்திலிருந்து கிழக்கே கடலோரமாகச் சென்றால் வயலும் தென்னந்தோப்பும் முடிந்து உப்பளம் வரும். அதைத் தாண்டினால் சேற்றுவெளி. அதற்கும் அப்பால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரியின் கடைசிக் கிளைகள் கடலில் கலக்கும் இடம் இது. மேட்டுப் பகுதிகளில் உமரிச் செடி படர்ந்திருக்கும். மற்றபடி வானமும் காற்றும்தான்.

இத்தகைய வெட்டவெளிகள் கதாசிரியர்களை எங்கும் இழுத்திருக்கின்றன. இங்கிலாந்தில் ஊதா நிறப் பூப்பூக்கும் ஹெதர் புதர்கள் மண்டிய மூர் நிலங்கள் உண்டு. யார்க்‌ஷயர் மூர் நிலம் எமிலி பிரான்ட்டியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலால் புகழ் பெற்றது. கானன் டாயில் 1901இல் எழுதத் தொடங்கிய ‘பாஸ்கர்வில்ஸ் வேட்டை நாய்’ கதையில் டார்ட்மூர் சதுப்பு ஒரு மட்டக் குதிரையையே விழுங்குகிறது. நம்முடைய பழைய இலக்கியமும் சேற்றை அறியும். உப்பு ஏற்றிச் சென்ற உமணர்கள், மேடு பள்ளத்தில் வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று இன்னோர் அச்சை வண்டியின் அடியிலேயே கட்டிச் சென்றார்கள் என்பது ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றால் தெரிகிறது. மோட்டார்க்காரில் வைக்கும் உபரிச் சக்கரத்துக்கு அதுதான் பாட்டன்!

2001ஆம் ஆண்டில், கல்லூரி மாணவனாக இருந்தபோது, நண்பர்கள் மூவராக அந்த வெளியில் நடக்கப் போனோம். வெள்ளையாக உப்புப் பூத்த தரை காலடியில் அப்பளம் போல் நொறுங்கியது. அது வேடிக்கையாக இருந்தது. திடீரென்று என் வலக்கால் முழங்கால் வரை இறங்கிற்று. அதை எடுக்க இடக்காலை ஊன்றினேன். அது தொடை வரை போயிற்று. நண்பர்கள் இருவரும் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். தோள் கழன்றுவிடும் போலிருந்ததே தவிர, கால் அசையவில்லை; இழுத்தவர்களும் புதையத் தொடங்கினார்கள். தொலைவில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்: “இழுக்காதீங்க தம்பி! அப்படியே பின்னால சாஞ்சு உக்காருங்க. காலை மெல்ல ஆட்டிக்கிட்டே இருங்க, தானா வரும்.” சேற்றிலே சாய்வதா என்று பயமாகத்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் சாய்ந்தேன். கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். ஒரு செருப்பு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று நான் அதற்கு முன்பே பலமுறை தேர்வில் எழுதியிருந்தேன். அதை இப்போது போட்டுப் பார்ப்போம். உங்கள் எடை 50 கிலோகிராம் என்றும், ஓர் உள்ளங்காலின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரு காலில் நின்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 167 கிராம் எடை அழுத்தும். நடக்கும்போது ஒரு கால் மேலே இருக்கும் கணத்தில் அது 333 கிராமாகிவிடும். மல்லாந்து படுத்தாலோ சுமார் 5,000 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடும். அழுத்தம் 10 கிராம்தான்! சிக்கிய காலை எடுக்க மற்றக் காலை ஊன்றியபோது நான் செய்தது, அழுத்தத்தை இரண்டு மடங்காக்கியதுதான்.

ஆனால் நடவு வயலிலும் சேறுதானே இருக்கிறது? அங்கே நாற்று நடுபவர்கள் நாள் முழுதும் நிற்கிறார்களே? காரணம், ஆண்டுக்கணக்கில் உழுததால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண் இறுகித் தளம் போட்டது போல் ஆகியிருக்கிறது. கால் அந்தத் தளத்தில் போய் நின்றுவிடும். கடலோரச் சேற்றை யாரும் உழவில்லை. அங்கே தளமும் இல்லை.

அதோடு அங்கே உப்பு இருக்கிறது. களிமண் துகள்கள் மிக மிகச் சிறிய தட்டுகள் போன்றவை. அவற்றின் முகங்களில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். ஆற்று வெள்ளம் கலங்கி வருவது இதனால்தான். கடலின் உப்பு நீரிலுள்ள சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தை மறைத்துவிடுகின்றன. உடனே தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, திரிந்த பால் போலத் திரண்டு அடியில் படிகின்றன. அவை அடுக்காகப் படிவதில்லை. சீட்டுக்கட்டால் கட்டிய வீடு போலத் தாறுமாறாகச் சாய்ந்து நிற்கும். இடைவெளியெல்லாம் நீர். பார்வைக்குத் திடப்பொருள், ஓரளவு பாரமும் தாங்கும். ஓர் எல்லைக்கு மேல் அழுத்தினாலோ, அசைத்தாலோ வீடு சரியும். சேறு சட்டென்று நீர்மமாகிவிடும்.

பிறகு நடப்பதுதான் விந்தை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பான் என்பவர் ஈரான் நாட்டு உப்பு ஏரி ஒன்றின் கரையிலிருந்து புதைமணலைக் கொண்டுவந்து குழுவினருடன் ஆராய்ந்து, 2005இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார். குலைந்த கலவை இரண்டாகப் பிரிகிறது. நீர் மேலே வந்துவிட, மணல் கீழே நெருக்கமாகப் படிந்து காலைச் சுற்றி இறுகிவிடுகிறது. அப்படி இறுகிய மணலிலிருந்து விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை இழுக்கப் பத்தாயிரம் நியூட்டன் விசை வேண்டும்! ஒரு மோட்டார்க்காரைத் தூக்கும் விசை அது. இழுத்தால் உயிருக்கே ஆபத்து என்று அந்த மீனவர் அறிந்திருந்தது இதைத்தான்.

இதற்கு மேல் காற்றழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. காலைத் தூக்கும்போது உள்ளங்காலுக்கு அடியில் வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. வளிமண்டலம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் வீதம் அழுத்துகிறது. 150 சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோகிராம் வரை போகலாம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். குழைத்த களிமண்ணில் ஒரு டம்ளரின் அடியை நன்றாக அழுத்திவிட்டு நேராக மேலே இழுங்கள். வராது. பக்கத்தில் ஒரு குச்சியைச் செருகிக் காற்றுப் போக வழி செய்யுங்கள். ‘பொளக்’ என்ற ஓசையோடு வந்துவிடும். காலை ஆட்டச் சொன்னதும் இதற்காகவே. ஆட்டும்போது மேலிருக்கும் நீர் காலோரமாக இறங்கி, இறுகிய மண்ணை மீண்டும் இளக்குகிறது.

சரி, முழுதுமாகப் புதைந்துவிட மாட்டோமா? மாட்டோம். சினிமாவில் தொப்பி மட்டும் மிதக்கக் காட்டுவது புளுகு. புதைமணலின் அடர்த்தி நீரைப்போல் இரு மடங்கு. மனித உடலின் அடர்த்தியோ ஏறத்தாழ நீரின் அளவுதான். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி உடலின் பாதி அமிழ்ந்ததும் மிதப்பு விசை எடைக்குச் சமமாகிவிடும். அந்த ஆம்ஸ்டர்டாம் குழுவினர் மனித அடர்த்தியுள்ள அலுமினிய மணிகளைப் போட்டு எவ்வளவு குலுக்கியும் அவை பாதிக்கு மேல் அமிழவில்லை. ஆனால் இடுப்பளவு சிக்கியவன் தப்பிவிட்டான் என்று எண்ணிவிடக் கூடாது. வெயில் இருக்கிறது, களைப்பு இருக்கிறது. கடல் நீர் ஏறிவந்தால் அசைய முடியாதவன் மூழ்குவான். சேற்றில் சிக்கி இறப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் இவைதான். ஆகவே தனியாகப் போகாதீர்கள். இடம் தெரிந்தவர் முன்னே நடக்க, அவர் அடிவைத்த இடத்தில் அடிவையுங்கள்.

இடம் தெரிந்தவருக்கு என்னதான் தெரியும்? முதலாவது, மணலையும் களியையும் பிரித்தறிவது. ஈர மணலில் கால் வைத்தால் சுற்றிலும் மணல் வெளுத்து உலர்ந்தாற்போல் தோன்றுவதைக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். நெருங்கியிருந்த மணிகள் மிதித்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலகுகின்றன. இடைவெளி பெருகி நீரை உள்ளே இழுக்கிறது. 1885இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதை விளக்கினார். அத்தகைய மணல் மிதிக்க மிதிக்க உறுதிப்படும். களியோ மிதித்தால் பளபளத்து நீர் கசியும். கொத்தனார் சிமெண்டுப் பூச்சைத் தட்டும்போது நீர் மேலே வருவது போல. அங்கே திரும்பிவிட வேண்டும். உப்புப் பூத்த வெள்ளைப் பொருக்கு இன்னும் மோசம். கீழேயுள்ள ஈரம் நுண்புழைகள் வழியாக ஏறி ஆவியாகி விட்டுச்சென்ற உப்புதான் அது. அடியில் ஈரம் இருப்பதற்கு அதுவே சாட்சி. இதற்கு மாறாக அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் பென்சில் போல அடர்ந்து நிற்கும் இடத்தில், அவற்றைத் தாங்கும் கிடைவேர்கள் கீழே பாய் முடைந்தது போலப் பரவியிருக்கும். கால் அதிகம் இறங்காது. கோடிக்கரையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இதெல்லாம் பாடம் நடத்தாமலே தெரிந்திருக்கும். குதிரையேறி வந்த வாணர்குல வீரனுக்கு எப்படித் தெரியும்?

அந்த வேர்கள் மேலே வந்து மூச்சுவிடுவது, சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லாததால். காலை எடுத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கடல் நீரின் சல்பேட்டிலிருந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. சல்பேட்டு குறைந்த ஆழத்திலும், நன்னீர்ச் சேற்றிலும் வேறு நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. கதையில் பூங்குழலி காட்டும் கொள்ளிவாய்ப் பேய்களுக்கு, அதாவது சதுப்பில் தோன்றி மறையும் நெருப்புக்கு, நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் காரணம் இந்த வாயுதான். ஆனால் மீத்தேன் தானாகத் தீப்பற்ற 500 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். சதுப்பில் தீக்குச்சி கிழித்தது யார்? பாஸ்பரஸ் கலந்த வாயு என்றார்கள் சிலர். 2025இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸேர் குழுவினர் இன்னொரு விடை கண்டனர். நீரில் எழும் மிக நுண்ணிய குமிழிகளின் மேற்பரப்பில் மின்னூட்டம் சேருகிறது; இரண்டு குமிழிகள் நெருங்கும்போது அவற்றிடையே குட்டி மின்னல் ஒன்று பாய்கிறது; மீத்தேனும் காற்றும் கலந்த குமிழிகளில் அதுவே மங்கிய ஒளியோடு வினையைத் தொடங்கிவைக்கப் போதும் என்று ஆய்வகத்தில் காட்டினார்கள்.

மீத்தேனை வோல்டா 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றில் கண்டெடுத்தார். அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றை ஊர்க் குளத்தின் ஓரத்தில் நீருக்குள் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அடிச்சேற்றைக் கம்பால் கிளறுங்கள். எழும் குமிழிகள் பாட்டிலில் சேரும். கொளுத்திப் பார்ப்பதை மட்டும் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.